நாற்பது நிமிட முடிவெட்டு

இஷிகாகி விமான நிலைய வாசலில், என் டாக்ஸிக்குப் பக்கத்தில், மயெகுசு தன் மகள் சிஹோவுக்கு முடி வெட்டுகிறார். யோனகுனித் தீவில் சலூன் வைத்திருப்பவர். ஊருக்குப் போகும் வழியில் விமானம் மாற நாற்பது நிமிடம் கிடைத்திருக்கிறது. ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாததால் சிஹோ இங்கே விடுதியில் படிக்கிறாள். நாளைக் காலை அவளுக்கு வேலைக்கான நேர்காணல். நெற்றிமுடி கண்ணை மறைக்கிறது. அவருடைய கத்தரியோ பெட்டியோடு அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. கையில் இருப்பது அவளுடைய காகிதம் வெட்டும் கத்தரி. “நேரா வருதாப்பா?” “வாய மூடு, முடி உள்ள போயிரும்.” மொண்ணைக் கத்தரி. அவர் கடல்காற்று ஓயும் நொடிக்குக் காத்திருந்து, நாலைந்து இழைகளாக நறுக்குகிறார். மாலை வெயிலில் துணுக்குகள் மின்னி விழுகின்றன. ஒரு பயணி என் வண்டிக் கதவைத் தொடுகிறார். “பின்னாடி வண்டில ஏறிக்கோங்க, இது இப்ப சலூன்” என்கிறேன்.

சிஹோ என் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்க்கிறாள். புருவத்துக்கு மேல் ஒரே நேர்கோடு. ஒலிபெருக்கி கடைசி முறையாக அழைக்கிறது. கத்தரியை அவளிடமே கொடுக்கிறார். “அப்பா, சட்டையெல்லாம் முடி. தட்டுங்க.” “வீட்ல போய்த் தட்டிக்கிறேன்” என்று ஓடுகிறார்.