முதல் தண்ணி

“ஏனுங்கண்ணா, தலைவராயிட்டா முதல் தண்ணி உங்க வயலுக்குத்தான்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?”

தாமதமாக வந்த கமலாத்தாள் வாசலில் நின்றே கேட்டதும், கொழிஞ்சாம்பாறை பாசனக் குழுக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

தலைவர் செங்கோட்டையன் சிரித்தார். சிரித்தால் அவளுக்கு இன்னும் ஏறும் என்று தெரியாதா என்ன?

“முறை போட்டது போட்டதுதான் அம்மிணி. முதல்ல எனக்கு, அடுத்தது உனக்கு, அப்புறம் மத்தவங்களுக்கு. ஆளுக்கு அரை நாள்.”

“நாளைக்கு டேமைத் திறக்கறாங்க. எப்ப அடைப்பாங்கன்னு தெரியுமா?”

“ஆபீசருக்கே தெரியாது. டேம்ல தண்ணி தரையோட கிடக்குதாமா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்! உங்க வயலு நனைஞ்ச கையோட அடைச்சுட்டா? என் நெல்லு கதிர் தள்ளாம பொதியில நிக்குதுங்க. இந்த வாரம் தண்ணி காட்டலைன்னா கதிருக்குப் பதிலா பதருதான் வரும்!”

பொய்யில்லை. இத்தனை வருஷமும் போர்வெல்லை நம்பியே காலம் தள்ளியவள் அவள். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூடக் கவலைப்பட்டதில்லை. இந்த வருஷம் தை பிறக்கும் முன்பே போர்வெல் வெறும் காற்றைத் துப்பவும்தான் கூட்டத்துப் பக்கமே வந்திருக்கிறாள்.

“உடுங்கக்கா, தலைவருதானே” என்று இழுத்தான் பெரியமுத்து.

“நல்லாருக்குது! ஒருத்தருக்காச்சும் வாயத் திறந்து கேக்கத் துப்பில்ல!”

மறுநாள் வெயில் ஏறியதும் மருமகள் யோகப்பிரியாவை இழுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். செங்கோட்டையன் வயல் அவளுடையதற்கும் அப்பால், வாய்க்காலின் கடைசியில். அவருக்குப் போகிற தண்ணீர் இவள் மடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“நம்ம மடையைச் சித்த தூக்கி உட்டா என்ன?”

“அத்தை! நேத்து அத்தனை நாயம் பேசிட்டு வந்தீங்க!”

“நாயம் வேற, நெல்லு வேற.”

தூக்கியும் விட்டாள். தண்ணீர் வந்தால்தானே! வாய்க்கால் எலும்பாய்க் காய்ந்து கிடந்தது.

“பாத்தியா? நடுவுல எங்கியோ மோட்டார் போட்டு அவரு தோப்புக்கு உறிஞ்சறாரு! போனை எடு, வீடியோ புடிக்கலாம்.”

இருவரும் தண்ணீர் வரும் திசையில் கரையோடு நடந்தார்கள். வளைவு தாண்டியதும் யோகப்பிரியா போனை இறக்கிக்கொண்டாள்.

முழங்கால் சேற்றோடு வாய்க்காலுக்குள் நின்றிருந்தார் செங்கோட்டையன். தென்னை மட்டை, சிமெண்ட் சாக்கு, காலி பாட்டில் என்று ஊர்க்குப்பை பூராவையும் மண்வெட்டியால் கரைக்குத் தள்ளியபடி. அவருக்குப் பின்னால் தண்ணீர், மாமியார் வீட்டுக்குத் திரும்புகிற மருமகள் மாதிரி, ஓரடி வைப்பதும் நிற்பதுமாக வந்தது. வெடித்துக் கிடந்த மண் வந்ததையெல்லாம் குடித்தது.

“என்னுங்கண்ணா இது?”

“காஞ்ச வாய்க்கா, அம்மிணி. முதல் தண்ணியை அது குடிச்சுட்டுத்தான் வயலுக்கு உடும். அதனாலதான் ‘முதல் முறை ஆருக்கு வேணும்?’னு கேட்டப்ப ஒருத்தனும் கையத் தூக்கல. நீ வர்றதுக்கு முந்தியே கேட்டாச்சு.”

அவள் மடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. செங்கோட்டையன் அண்ணாந்து பார்த்தார்.

“என் முறை முடிஞ்சுது. இனி உன்னுது. வாய்க்கா நனைஞ்சிருச்சு, விறுவிறுன்னு வரும். பொதிப் பயிராச்சேன்னுதான் உன்னை ரெண்டாவதா வெச்சேன்.” மடையைத் திறக்கக் குனிந்தவர் நிமிர்ந்தார். “அட, தானாவே தெறந்துக்கிச்சாட்ட இருக்குதே!”

யோகப்பிரியா வானத்தைப் பார்த்தாள்.

“உங்க பயிருங்கண்ணா?” கமலாத்தாளின் குரல் இறங்கியிருந்தது.

“அடுத்த சுத்து வந்தாப் பாத்துக்கலாம்.”

வந்தால்.

தண்ணீர் சலசலவென்று அவள் வயலுக்குள் இறங்கியது. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே செங்கோட்டையன் கேட்டார்:

“நீ கேட்டதும் நாயந்தான் அம்மிணி. அடுத்த வருசம் முதல் தண்ணியை உனக்கே போட்டுரட்டுமா?”

“அதெப்படிங்கண்ணா?” பதறிப்போனாள் கமலாத்தாள். “தலைவருன்னு உங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா!”