புது முட்டி

"உக்காரும்மா, சொன்னா கேளு," என்று மகன் கெஞ்சினார்.

"மாட்டேன்." தொண்ணூறைத் தொட்ட அம்மா, கைத்தடியை ஊன்றி ஆஸ்பத்திரி அறையின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கால் கடுத்தது; காட்டிக்கொள்ளவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சு படுத்தே கெடந்தா, வயசானவங்களுக்குக் கால்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலை அடைச்சிடுமாம். டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"வலி உயிர் போகும்மா."

"போகட்டும். உயிர் இருந்தாத்தானே வலிக்கும்?"

டாக்டர் உள்ளே வந்தார். "நடந்தாச்சா?"

"நடந்துக்கிட்டேதான் இருக்கேன்."

"உங்களைக் கேக்கலைம்மா." டாக்டர் போர்வையை விலக்கி, கட்டிலில் கிடந்த மகனின் கட்டுப்போட்ட முட்டியைப் பார்த்தார்.

"எழுபது வயசுப் பய, புது முட்டியை வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். பழசை வெச்சுக்கிட்டு நான் நடக்கிறேன். இவன் எழுந்திரிக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டேன் டாக்டர்."

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு வாக்கரைப் பிடித்து எழுந்தார்.