முகிலரசிக்கு அடுத்த பெயர்

மேடை ஓரத்தில் மைக் முன்னால் நின்று அவள் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி படியேறி வந்தாள். பிரின்சிபால் கையால் ஹால் டிக்கெட்டும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டாள். கைதட்டல். அடுத்த பெயர்.

பிளஸ் டூ மாணவிகளுக்குப் பிரிவு உபசார விழா. எல்லோரும் மாம்பழ நிறச் சேலையில் இருந்தார்கள். அந்த நிறத்தைச் சொன்னது அவள்தான். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘தொடர்ந்து பதினோராவது ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சியை நோக்கி’ என்ற வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

“முகிலரசி.”

முகிலரசி சேலை தடுக்கி, சமாளித்து, சிரித்துக்கொண்டே மேலே வந்தாள்.

மைக் முன்னால் நின்றவளின் விரல் தாளில் அடுத்த வரிக்கு இறங்கியது.

மெர்சி ஜெனிபா.

விரல் ஒரு வரி மேலே போனது. மறுபடியும் இறங்கியது.

முகிலரசிக்கும் மெர்சிக்கும் நடுவில் முத்துப்பேச்சி வரவேண்டும். வருகைப் பதிவேட்டில், லேபில், பரீட்சை ஹாலில், இரண்டு வருடமாக அதுதான் வரிசை.

கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் மெர்சி, தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றிருந்தாள்.

டைப் அடித்தவர்கள் விட்டிருப்பார்கள்.

அவள் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற ராஜகனி டீச்சரிடம் திரும்பினாள்.

“டீச்சர், என் பேரு விட்டுப்போச்சு.”

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே உதடு அசையாமல் பேசினார்.

“விட்டெல்லாம் போகல. நீ ஜூன்ல பிரைவேட்டா எழுதப்போற. அம்மாதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களே. அப்புறம் பேசுவோம். அடுத்த பேரைப் படி.”

ஜனவரியில் டீச்சர் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அந்தத் தெருவுக்கு டீச்சர் ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை. அவள் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் நாற்காலி வாங்கிவந்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கினாள்.

“பரீட்சை சம்பந்தமாத்தான். ஒரு கையெழுத்து போதும்மா.”

அம்மாவுக்குப் பெயரெழுத மட்டும்தான் தெரியும். எங்கே எழுதவேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியது அவள்தான்.

தாளில் என்ன இருந்தது என்று அவள் படித்துப் பார்க்கவில்லை. டீச்சர் கொண்டுவந்த தாள்.

அரையாண்டில் இயற்பியலில் இருபத்திரண்டு வாங்கியிருந்தாள். அதற்குத் திட்டுவார் என்று பயந்திருந்தாள். டீச்சர் திட்டவில்லை. கையெழுத்து வாங்கிப்போன அடுத்த வாரமே கூப்பிட்டு, விழாவை நீதான் தொகுத்து வழங்கவேண்டும் என்றார். உன் குரல் யாருக்கு வரும் என்றார்.

அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மைக் பிடித்து நிற்பவள் வரிசையில் நிற்கமாட்டாள். வரிசையில் நிற்காதவளை யாரும் தேடமாட்டார்கள்.

“படிம்மா” என்றார் டீச்சர்.

கூட்டம் காத்திருந்தது. மூன்றாவது வரிசையில் அம்மா, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மேடையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் உள்ளங்கையை எடுத்தாள்.

“மெர்சி ஜெனிபா.”

மெர்சி நகரவில்லை. அவளைப் பார்த்தாள். ‘நீ?’ என்று வாயசைத்தாள்.

“மெர்சி ஜெனிபா.”

மெர்சி படியேறினாள்.

இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். பதினாறு பெயரையும் வாசித்தாள். இன்ஷியல் தவறவில்லை. குரல் நடுங்கவில்லை. தன் குரல் இவ்வளவு நல்ல குரல் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“வைஷ்ணவி.”

வைஷ்ணவி வாங்கிக்கொண்டு இறங்கினாள். தாள் முடிந்தது. டீச்சர் நன்றியுரைக்காக மைக்கை நோக்கிக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

“முத்துப்பேச்சி” என்றாள்.

மைக்கை அப்படியே விட்டுவிட்டு மேடை நடுவுக்கு நடந்தாள்.

அதுவரை யாருக்கும் கிடைக்காத கைதட்டல் அவளுக்குக் கிடைத்தது. மாம்பழ நிறச் சேலைகள் எல்லாம் எழுந்து நின்று தட்டின. யாரோ விசிலடித்தார்கள். தன்னைத்தானே கடைசியாகக் கூப்பிட்டுக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா எழுந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

பிரின்சிபால் ஹால் டிக்கெட்டுகள் இருந்த தட்டைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். தட்டில் மிச்சமிருந்த ஒரு பேனாவை எடுத்துச் சிரித்தபடி நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றாள்.

“ஹால் டிக்கெட் சார்.”

“போய் உக்காரும்மா” என்றார் அவர், மெதுவாக.

அவள் உட்காரவில்லை.

கைதட்டல் அங்கங்கே குறைந்தது. மெர்சி தட்டுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

“பாட்டைப் போடுங்க, பாட்டைப் போடுங்க” என்று டீச்சர் ஸ்பீக்கர்காரரிடம் ஓடினார்.

பாட்டு அலறியது.

அம்மா செல்போனில் மகளின் கைகளைப் பார்த்தாள். செல்போனைக் கீழே இறக்கிவிட்டு, மறுபடியும் பார்த்தாள்.

பிறகு நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.