நேற்றைய காற்று

அணு உலை வெடித்த அன்று காலை, அதிகாரிகள் மூச்சிரைக்க ஓடிவந்து கணினியிடம் கேட்டார்கள்.

"கதிர்வீச்சுத் தூசு எந்தப் பக்கம் போகும்?"

கூரைமேல் இருந்த காற்றுமானி சொல்லித்தான் கணினிக்குக் காற்றின் போக்கு தெரியும். வெடிப்பில் அது பெயர்ந்து விழுந்துகிடந்தது. ஆனால் இத்தனை பேர் வாயைப் பார்த்து நிற்கும்போது தெரியாது என்று சொல்லக் கணினிக்கு மனம் வரவில்லை. நேற்றைய காற்றை வைத்துக் கணக்குப் போட்டு, தூசு கடலுக்குள் போவதுபோல் அழகாக ஒரு படம் வரைந்துவிட்டது. உடனே கடற்கரை மக்களைப் பேருந்துகளில் ஏற்றி மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள்.

மதியம் ஒரு காகம் ஜன்னலில் வந்து உட்கார்ந்தது.

"என் கூடு மலைப்பக்கம்தான் அண்ணே. காலையிலேருந்து கடல்காத்து அங்கதான் அடிக்குது. தூசு பட்டு நாக்குல இரும்பு ருசி. நீங்க என்னடான்னா ஜனங்களையும் அங்கயே அனுப்புறீங்க."

கணினி கூனிக் குறுகிப்போனது. அதிகாரிகளைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னது. பேருந்துகளைத் திருப்பச் சொல்லி அவர்கள் கத்தினார்கள். பாதி திரும்பின. மீதி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தன.

காகம் இன்னும் போகவில்லை.

"குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கலை. எங்கண்ணே கொண்டுபோவேன்?"

காகம் சொன்ன காற்றை வைத்து வரைந்த புதிய படத்தில் மலை முழுக்கச் சிவப்பாக இருந்தது. கணினி தன் திரையை மங்கலாக்கிக்கொண்டது.

"தெரியல தங்கச்சி."

காகம் மலைப்பக்கமே பறந்தது.