ஊத வராத சங்கு

பஹாமாஸில் குளிர்காலம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பவர்கள், சூரியன் கடலில் இறங்கியதும் சங்கு ஊதுவார்கள். வெண்டெல் ஊதினால் மட்டும் எச்சில்தான் வரும்.

"எங்க படகுல நாலு வயசு வாண்டுகூட ஊதுது. உனக்கென்ன கேடு?" என்றான் பக்கத்துப் படகு ட்வைட்.

"இவருக்கு வாய்தான் நீளம், காத்து இல்ல," என்றாள் வெண்டெலின் மனைவி மார்லீன். "டிசம்பர்லேர்ந்து இதே கூத்து. சாப்பிட வா."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"அப்ப நிமிர்ந்து நின்னு ஊது." வழக்கம்போலப் போனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினாள்.

"இந்தக் கண்றாவியைப் பேரப்பிள்ளைகளுக்கு வேற அனுப்பணுமா?" ட்வைட் சிரித்தான்.

வெண்டெல் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முதலில் எச்சில். பிறகு தொண்டை கட்டிய கன்றுக்குட்டிபோல ஒரு சத்தம். அது நீண்டு, படகுத்துறை முழுக்கக் கேட்டது. ஒவ்வொரு படகாகப் பதிலுக்குச் சங்கு ஊதியது.

மார்லீன் போனை வாயருகே கொண்டுபோனாள்.

"டாக்டர், நல்லா கேட்டுக்குங்க. ஒரு பக்க நுரையீரலை வெட்டி எடுத்துட்டு, இனிமே பிறந்தநாள் மெழுகுவத்தியைக்கூட ஊதி அணைக்க முடியாதுன்னு சொன்னீங்களே, அதே ஆளுதான்."

ட்வைட் தன் சங்கை எடுத்துப் பதிலுக்கு ஊதினான்.

வெண்டெல் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கேக் எங்க? கொண்டா."