கடைசியாகக் கேட்டது

காலையில் நிரஞ்சன் பல் தேய்த்தான், பால் காய்ச்சினான், துணியை வாஷிங் மெஷினில் போட்டான். இறந்துபோன அவன் மனைவி தாரணியின் தம்பி கபிலன், சோபாவில் காபியோடு செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, அக்கா ஆஸ்பத்திரியில பாத்துச்சே அந்த ஜப்பான் கார்ட்டூன், சண்டை அனிமே, கடைசி எபிசோட் வந்துருச்சு. பாக்கலாமா?"

"வேணாம். அதுல செத்தவனெல்லாம் எந்திரிச்சு வர்றான்."

"அது கதையில ஓட்டைதான். ஆனா சண்டைய வரைஞ்சிருக்கான் பாருங்க, ஒவ்வொரு அடியும் நம்ம நெஞ்சுல விழும். நீங்க குறை சொன்னதக் கேட்டா அக்கா உங்க தலையில குட்டியிருக்கும்."

நிரஞ்சன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

கபிலன் செல்லைக் கீழே வைத்தான். "சாயங்காலம் படையல் மாமா. அக்கா கடைசியா வாய்விட்டு என்ன கேட்டுச்சோ அத எலையில வைக்கணுமாம். அம்மா கேட்டுட்டு வரச் சொல்லுச்சு."

பாயசம் என்று சொல்லிவிடலாம். அத்தை உடனே அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். ஆனால் நிரஞ்சன் நடந்ததையே சொன்னான். அன்று ஆஸ்பத்திரியில், திரையில் அந்த அனிமேயின் கதாநாயகன் கையை ஓங்கியபடி கத்திக்கொண்டே இருந்தான். நிரஞ்சனின் தோளில் சாய்ந்திருந்த தாரணிக்குக் கண் சொருகியது. அப்போது அவள் கேட்டது இதுதான்:

"இவன் எப்பத்தான் அடிப்பான்? அடிக்கிறப்ப என்னை எழுப்புங்க."