பத்து வாட்

முப்பத்தைந்து வாட் வைக்கச் சொன்னதற்கு ஐம்பது வைத்துவிட்டேன். உப்புநீர்த் தட்டில் கிடந்த ஆட்டு இதயம் பட்டென்று வெடித்து டாக்டர் ஹெப்சிபாவின் முகத்தில் தெறித்தது. “குமரகுரு, இதை வாங்கினது பயிற்சிக்கு, வறுவலுக்கு இல்ல” என்றார். இதயத்தில் தவறான துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டு அடக்கும் கருவி இது. பன்னிரண்டு வருடமாக இதற்கு நான்தான் டெக்னீஷியன். வீட்டில் ஒருநாளும் பாலைப் பொங்கவிடாமல் இறக்கியதில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த இதயத்தில் இரண்டு இடம் சுட்டுப் பிளந்து அளந்தேன். இருபத்தைந்து வாட்டில் வெந்த வெள்ளைத் தழும்பு மூன்று மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தது. முப்பத்தைந்தில் ஐந்து. என் மனைவி செண்பகவல்லியின் இதயத்தில் தவறான துடிப்பு கிளம்பிய இடம் நாலு மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது.

போன ஆடியில் அவளுக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தவரும் இதே டாக்டர்தான். கருவியில் நான். முப்பத்தைந்து என்றார். வெடித்த இதயங்களை நிறையப் பார்த்தவனாயிற்றே, “மேடம், என் பொண்டாட்டி மேடம், கொஞ்சம் கம்மியா வைங்க” என்று கெஞ்சினேன். இருபத்தைந்துக்கு இறங்கினார். வீடு திரும்பிய ஒன்பதாம் நாள், என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் சரிந்தாள். மீதித் திட்டு எனக்குக் கிடைக்கவே இல்லை.

அதன்பிறகு எத்தனை முறை கேட்டாலும், “ஆயிரம் காரணம் இருக்கும்” என்றுதான் டாக்டர் சொல்வார். இன்றும் கேட்டேன். “நான் கெஞ்சினதாலதான் குறைச்சீங்களா மேடம்?”

டாக்டர் என் கையிலிருந்த அளவுகோலை வாங்கி மேசையில் வைத்தார்.

“ஆமா, குமரகுரு.”